படிக்கல்லுக்கு வாய் முளைத்த கதை

இருநூறு ஆண்டுகளுக்கு முன், இன்றைய கானாவில் இருக்கும் குமாசிச் சந்தையில் கோழி வாங்கப் போனவர் மடியில் காசு முடிந்துகொண்டு போகவில்லை. அசாந்தே நாட்டில் நாணயம் என்று ஒன்று அடிக்கப்படவே இல்லை. வடக்கே புல்வெளி நாடுகளில் சோழி புழங்கியது. தெற்கே கடற்கரைக் கோட்டைகளில் ஐரோப்பியர்கள் துணியும் துப்பாக்கியும் பித்தளையும் கொடுத்துத் தங்கம் வாங்கினார்கள். நடுவில் இருந்த காட்டு ராஜ்யத்தில் பணம் என்றால் பொன்துகள்தான். ஆற்று மணலை அலசியும் குழி தோண்டியும் எடுத்த தங்கம், மாவு போல. கோழிக்கும் அதுதான், உப்புக்கும் அதுதான், அரசனுக்குக் கட்டும் அபராதத்துக்கும் அதுதான்.

துகளை எண்ண முடியாது, நிறுக்கத்தான் வேண்டும். அதனால் வாங்குகிறவரிடம் ஒரு தராசு, விற்கிறவரிடம் ஒரு தராசு. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பித்தளைத் தட்டுகள், மெல்லிய கோல், கட்டித் தொங்கவிட நூல். நடுவில் முள் கிடையாது. கோல் சரியாக நிற்கிறதா என்று கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு முறம் மாதிரி ஒரு பித்தளைத் தகடும் இருக்கும். அதில் துகளைப் போட்டு மெல்ல ஊதினால் மணல் பறக்கும், தங்கம் தங்கும். துகளை அள்ள ஒரு கரண்டி, ஒட்டிக்கொண்டதைத் துடைத்தெடுக்க ஒரு பறவை இறகு, கோலம் போட்ட மூடியுள்ள சின்னப் பெட்டி, உரசிப் பார்க்க உரைகல். கடைசியாக, துணியில் பொதிந்த பத்து முப்பது பித்தளைப் படிக்கற்கள். அவற்றுக்கு, அசாந்தேக்காரர்களும் அடங்கிய அக்கான் மக்கள் வைத்த பெயர் அப்ரம்முவோ.

பொதியை அவிழ்த்தால் வெளியே வருவதைப் பார்த்து யாரும் இவை எடைக்கற்கள் என்று சொல்ல மாட்டார்கள். கட்டம் போட்ட சதுரத் துண்டு ஒன்று. படிப்படியாக ஏறும் கோபுரம் போல ஒன்று. பிறகு ஒரு முதலை, ஒரு முக்காலி, வாள், கேடயம், பூட்டு. குழாய் புகைக்கும் ஆள். ஓட்டோடு ஒரு வேர்க்கடலை. பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாது.

அந்த முதலை எவ்வளவு எடை? உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தச் சமாசாரத்தில் நான் அடிக்கடி திரும்பி வரும் விஷயம் இதுதான். ஒரு முதலை இரண்டு அவுன்ஸ் இருக்கலாம், பக்கத்து வீட்டு முதலை அரை அவுன்ஸ்கூட இல்லாமல் இருக்கலாம். உருவத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. எந்த உரு எவ்வளவு என்பது அதற்குச் சொந்தக்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். எதிராளி அதை நம்ப வேண்டியதில்லை, தன் பொதியை எடுத்துத் தானும் நிறுப்பார். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் பேச்சு ஆரம்பிக்கும்.

எடைக்கு உதவாத அலங்காரத்தை இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வார்த்தார்கள்? அதற்கு அறுநூறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

இன்றைய கானாவின் தென்பகுதியும் கோத் திவாரின் கிழக்குப் பகுதியும் அக்கான் மொழிகள் பேசுகிறவர்களின் நாடு. அசாந்தே, ஃபாந்தே, டெங்கிரா, அக்யெம், பவுலே, அன்யி எனப் பல கூட்டத்தார். அந்தக் காட்டுக்கடியில் தங்கம் இருந்தது. அதைத் தேடி 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வடக்கே நைஜர் ஆற்றுப் பக்கமிருந்து வாங்கரா என்ற முஸ்லிம் வணிகர்கள் இறங்கி வந்தார்கள். காட்டின் விளிம்பில் பெகோ என்ற ஊர் பெரிய சந்தையாக வளர்ந்தது. சகாராவைக் கடந்து வந்த உப்பும் துணியும் பித்தளையும் அங்கே இறங்கின, தங்கமும் கோலா கொட்டையும் ஏறின. வாங்கராக்கள் தங்கள் எடை முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய நாலரை கிராம் நிறையுள்ள மித்கால் அதில் முக்கிய அலகு. அக்கான் வார்ப்பர்கள் முதலில் செய்த கற்கள் இந்த முறைக்குத்தான். வட்டம், சதுரம், செவ்வகம், மேலே கோடும் புள்ளியும் சுருளும். ஆளும் இல்லை, மிருகமும் இல்லை.

1471இல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன. 1482இல் எல்மினாவில் கோட்டை எழும்பியது. தங்கத்துக்குப் பதிலாக அவர்கள் இறக்கிய சரக்கில் பித்தளை ஏராளம். குதிரைலாட வடிவில் கைவளையங்கள், அண்டாக்கள், தட்டங்கள். பெனின் பக்கம் வாங்கிய அடிமைகளையும் எல்மினாவில் அக்கான் வணிகர்களுக்குத் தங்கத்துக்கு விற்றார்கள். படிக்கற்களின் பளபளப்பைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. வந்த பாத்திரங்களில் பல உருக்கு மூசைக்குள் போய்ப் படிக்கற்களாக வெளியே வந்தன. வணிகர்களுக்கு இப்போது போர்த்துகீசிய அவுன்ஸும் தேவைப்பட்டது. 1637இல் டச்சுக்காரர்கள் எல்மினாவைப் பிடித்தார்கள், ஆங்கிலேயர்களும் கோட்டை கட்டினார்கள், ட்ராய் அவுன்ஸ் வந்தது. அக்கான் வணிகர் புதியது வந்ததென்று பழையதைத் தூக்கி எறியவில்லை, பக்கத்தில் சேர்த்துவைத்துக்கொண்டார். ஒரே பொதிக்குள் பாலைவனத்து மித்காலும் லிஸ்பன் அவுன்ஸும் வட ஐரோப்பிய அவுன்ஸும் கலந்து கிடப்பது அதனால்தான். டிமதி காரார்ட் என்பவர் ஏராளமான கற்களை எடுத்து நிறுத்துப் பார்த்து, இந்த முறைகளைப் பிரித்துக் காட்டி 1980இல் ஒரு நூல் எழுதினார். அதுவரை உருவத்தை ரசித்தவர்கள் பலர், உட்கார்ந்து நிறுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

பித்தளைக் கல்லைவிடச் சின்ன அளவு வேண்டுமென்றால் விதைகள். கினிக் கடற்கரையில் இருந்த டச்சுக்காரர் வில்லெம் போஸ்மன் 1704இல் வெளிவந்த தன் புத்தகத்தில், கறுப்புப் புள்ளி வைத்த சின்னச் சிவப்பு விதையால் அங்குள்ளவர்கள் தங்கம் நிறுப்பதைக் குறிப்பிடுகிறார். நம் தட்டார்கள் தலைமுறை தலைமுறையாகப் பொன் நிறுத்த அதே குன்றிமணிதான்.

உருவங்கள் வரத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். அதற்குள் பித்தளை மலிந்துவிட்டது. தங்கத்தால் கொழுத்த அரசுகள் எழுந்துவிட்டன. அரசவையில் வாள், குடை போன்றவற்றில் உருவங்கள் ஏறின. பழமொழி சொல்லாமல் வழக்குப் பேசுவது அநாகரிகம் என்று நினைக்கும் ஊர் அது. அரசவையில் நடந்தது சந்தைக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த அரசுகளில் பெரியது முதலில் டெங்கிரா. அதன் கப்பத்தைத் தாங்கமாட்டாமல் சிறு அரசுகள் ஒன்று சேர்ந்து அசாந்தே ஆயின. டெங்கிரா மன்னன் ந்திம் ஜாகாரி ஒரு பெரிய பித்தளை அண்டாவை அனுப்பி, இதை நிரப்பப் பொன்துகள் கொடு என்று கேட்டானாம், அதில்தான் போர் மூண்டதாம். இது செவிவழிக் கதை. 1701இல் ஃபெயியாசே போர்க்களத்தில் அவன் தோற்றது வரலாறு. ஒசேய் டுட்டு அசாந்தேவின் முதல் பேரரசன் ஆனார். குமாசி தலைநகர் ஆயிற்று, அதைச் சுற்றி வார்ப்பர்களின் குடியிருப்புகள் அமைந்தன.

ஒரு கல் எப்படிப் பிறக்கும்? 1920களில் அசாந்தேவில் பணியாற்றிய ராட்ரே என்ற மானிடவியல் அதிகாரி பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். தேன்மெழுகை இளஞ்சூட்டில் பதமாக்கி, பலகைமேல் உருட்டி நூலாக இழுப்பார்கள். சிற்பம் செதுக்குகிற வேலை அல்ல இது, சுற்றிச் சுற்றி ஒட்டுகிற வேலை. முதலைச் செதிலும் ஆளின் சுருட்டை முடியும் மெழுகு நூலைச் சுருட்டி வைத்ததுதான். தலைமுடிக்கு ஒரு சுருள், கண்ணுக்கு ஓர் உருண்டை, வாய்க்கு ஒரு கீறல். உருவம் ஆனதும் பட்டுப்போல் அரைத்த கரித்தூளையும் களிமண்ணையும் நீரில் குழைத்து மெழுகின்மேல் பூசிக் காயவைப்பார்கள். மறுபடியும் பூசுவார்கள். மெழுகின் நுணுக்கம் அத்தனையையும் பிடித்துக்கொள்வது இந்த முதல் பூச்சுதான். அதன்மேல் பனைநார் கலந்த முரட்டுக் களிமண். உள்ளே பித்தளை பாயும்போது எழும் காற்று அதன் நுண்துளை வழியே வெளியேறிவிடும். ஒரு துளை விட்டுக் காய்ச்சினால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே அதே உருவத்தில் வெற்றிடம் நிற்கும்.

இதற்குமேல் உள்ளதுதான் அசாந்தே வார்ப்பரின் சாமர்த்தியம். உலையில் உருக்கிக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. பித்தளைத் துண்டுகளைப் போட்ட மண் மூசையை அச்சின் வாயோடு சேர்த்துக் களிமண்ணால் மூடிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே உருண்டை. அதை நெருப்பில் வைத்து, உள்ளே பித்தளை உருகியதும் அப்படியே தலைகீழாகத் திருப்பினால் உலோகம் அச்சுக்குள் இறங்கிவிடும். ஆறியதும் மண்ணை உடைத்தால் கல். அச்சு உடைந்து போவதால் ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான், இரட்டைப் பிள்ளை கிடையாது.

சில சமயம் மெழுகே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். வேர்க்கடலை, வண்டு, நண்டின் கொடுக்கு, கோழிக்கால் இவற்றின்மேல் நேராக மண் பூசிச் சூட்டில் எரித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் பித்தளை ஏற்றுவார்கள். கடலை ஓட்டின் வலைக்கோடு அச்சாக நிற்கும். வார்ப்புக்குக் கொடுத்த கடலை மட்டும் இருக்காது.

வார்த்து முடித்தாலும் எடை சரியாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. குறைந்தால் குழிவில் ஈயம் ஊற்றினார்கள், இல்லையென்றால் சின்ன வளையம் ஒன்றை மாட்டினார்கள். கூடினால் அராவினார்கள். சில கற்களில் வால் நுனியோ காலோ நறுக்குப்பட்டிருக்கும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் மொட்டைக்காலோடு நிற்கும் உருவத்தைப் பார்த்து ‘சேதமடைந்தது’ என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால் போனதால்தான் அது கல்லாகவே ஆகியிருக்கும்.

இனி அது என்ன பேசும் என்பதற்கு வருவோம். இருவாச்சியும் விரியனும் என்று ஒரு கல். பறவையைப் பாம்பு பிடித்துக்கொண்டிருக்கும். இருவாச்சி பாம்பிடம் கடன் வாங்கியதாம். பாம்புக்குச் சிறகு இல்லையே, என்னை எங்கே வந்து பிடிக்கப்போகிறது என்று கொடுக்காமலே பறந்து திரிந்ததாம். வறட்சி வந்தது, குளமெல்லாம் வற்றிக் கடைசியாக ஒரு குட்டைதான் மிச்சம். பாம்பு அதன் கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. தாகம் தாங்காமல் இறங்கிய இருவாச்சி மாட்டிக்கொண்டது. தரையில் ஊர்கிற விரியன் ஆகாயத்துப் பறவையைத் தின்கிறது என்ற பழமொழிக்கு இது ஒரு பின்கதை. பொறுத்திருப்பவனுக்குப் பாக்கி வரும் என்பது அதன் அர்த்தங்களில் ஒன்று. இந்தக் கல்லைத் தட்டில் வைத்துப் பழைய பாக்கியை நிறுத்து வாங்குவதை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு முதலைகளுக்கு ஒரே வயிறு. குறுக்கே படுத்து ஒட்டிக்கிடக்கும். சாப்பாட்டுக்கு இரண்டு தலைகளும் அடித்துக்கொள்ளும், யார் தின்றாலும் போவது ஒரே இடத்துக்குத்தான். ஒரே குடும்பத்துச் சொத்துத் தகராறில் இதைக் காட்டுவார்கள். வாயில் கெளுத்தி மீனைக் கவ்விய முதலை இன்னொன்று. கெளுத்தி சம்பாதிப்பதெல்லாம் கடைசியில் முதலைக்கு என்பது குடிமக்களுக்கு அரசன் கொடுக்கும் நினைவூட்டல். எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னால் குடிமகனின் முணுமுணுப்பு. ஒரே கல், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

முதுகுவரை வளைந்து பின்னால் போகும் கொம்புள்ள மான்: ‘தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்’ என்கிற ஞானம் எப்போதும் பின்னால்தான் வரும். சிறுத்தை: மழை தோலை நனைக்கும், புள்ளியை அழிக்காது. முள்ளம்பன்றி: அசாந்தே நாட்டின் அடையாளமே அது, ஆயிரம் முள்ளை முறித்தால் ஆயிரம் முளைக்கும். தலையில் வெடிமருந்துப் பீப்பாயைச் சுமந்துகொண்டே குழாய் புகைக்கிற ஆள் என் விருப்பம். தலைக்குமேல் ஆபத்து இருக்கிறதென்று புகையிலையை விட முடியுமா? கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும் சன்கோஃபா பறவை இன்று சட்டையிலும் காதணியிலும் உலகம் சுற்றுகிறது. மறந்ததைத் திரும்பிப் போய் எடுப்பது தப்பில்லை என்பது அதன் பேச்சு. அது ஏற்கெனவே எல்லோருக்கும் அறிமுகம் ஆகிவிட்டதால் இத்தோடு விடுகிறேன்.

ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரே ஒரு பழமொழி, அகராதி போலத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது விற்பனைக் கடைக்காரர்களும் சில அருங்காட்சியகச் சீட்டுகளும் வளர்த்த எண்ணம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பறவையை வைத்துப் பத்துப் பழமொழி சொல்லும் ஊரில், எந்தப் பழமொழியை எடுப்பது என்பது பேச்சு போகிற போக்கில்தான் முடிவாகும். சில கற்களுக்குப் பழமொழியே இல்லாமலும் இருக்கலாம். வார்ப்பருக்கு வேர்க்கடலை பிடித்திருந்தது, வார்த்தார். இதற்கு நேர்மாறாகக் கோத் திவார் அறிஞர் ழார்ஜ் நியாங்கோரான்-புவா, கட்டமும் சுருளும் போட்ட பழைய கற்களில் இருப்பது எழுத்து, எண்ணும் கருத்தும் அதில் பதிந்திருக்கிறது என்று 1980களில் பெரிய தொகுதிகளாக எழுதினார். காரார்டின் தராசுக்கு முன்னால் அது முழுதாக நிற்பதாகத் தோன்றவில்லை. ஆனால் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவைத்த கோடுகளைக் கூர்ந்து பார்க்கவைத்த புண்ணியம் அவருக்கு உண்டு.

பழமொழி சொல்லும் கல் என்பதால் நேர்மையான கல் என்று அர்த்தமில்லை. 1817இல் ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு குமாசிக்குப் போன தாமஸ் பௌடிச் ஒரு சங்கதி எழுதியிருக்கிறார். அரசனின் கற்கள் நாட்டில் புழங்கும் கற்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம். அரண்மனைச் சாப்பாட்டுச் செலவுக்குத் தங்கம் நிறுத்துக் கொடுப்பது அரசன் கல்லில், சந்தையில் போய்ச் செலவழிப்பது ஊர்க் கல்லில். வித்தியாசம் சமையல்காரருக்கும் அரண்மனை அதிகாரிகளுக்கும். இதை ஊழல் என்று சொல்வதா சம்பளம் என்று சொல்வதா? வெளிப்படையாக நடந்ததால் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். சந்தை மண்ணில் சிந்திய துகளைப் பொறுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை என்றும் அவர் எழுதுகிறார். அது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், அரசுக்கு நெருக்கடி வந்தால் சந்தையையே அலசி எடுப்பார்கள்.

கணக்கு இப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்டில், சுமார் 70 கிராம் வரும் பெரெட்வான் என்ற எடை பெரிய தொகை. ஆங்கிலேயர் கணக்கில் எட்டு பவுன். வாலிபன் ஒருவன் தொழில் தொடங்கினால் சிறு பொதி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். முழுத் தொகுதி வைத்திருப்பவர் ஊரில் மதிப்புள்ள ஆள். பவுலே மக்களிடம் அந்தப் பொதி குடும்பத்துப் பெரியவர் கையில் இருந்து இறங்கி வருகிற சொத்து. கண்டபடி அவிழ்க்க மாட்டார்கள்.

1874இல் ஆங்கிலப் படை குமாசியை எரித்தது. ஃபொமெனா உடன்படிக்கையில் 50,000 அவுன்ஸ் தங்கம் தண்டம் கேட்டது. 1889இல் கடற்கரையில் ஆங்கிலேயர் ஆண்ட கோல்ட் கோஸ்ட் காலனியில் பொன்துகள் செல்லாப் பணம் ஆயிற்று. 1896இல் அசாந்தே மன்னர் பிரெம்பே பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார், நாடு பிரிட்டனின் கைக்குப் போயிற்று, வெள்ளிக் காசு பரவியது. ஐந்நூறு ஆண்டுப் படிக்கற்கள் ஒரே தலைமுறையில் வேலை இழந்தன. பலவற்றை உருக்கிவிட்டார்கள். மற்றவை மூட்டைமூட்டையாக வெள்ளைக்கார அதிகாரிகள் கைக்கும் லண்டன், பாரிஸ் அலமாரிகளுக்கும் போயின.

வடக்கிலிருந்து வரும் ஹவுசா வியாபாரிகள் ஊர் ஊராகப் போய் அவற்றைச் சேகரித்து, விலை கொடுக்கிறவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்படி ஒரு வாசல் குமாசியில் பெக்கி அப்பியா வீட்டு வாசல். பள்ளிக்கூடத்தில் கிரிப்ஸ் தூதுக்குழு, 1942 என்று படித்தோமே, அந்த ஸ்டாஃபோர்டு கிரிப்ஸின் மகள் இவர். 1953இல் அசாந்தேக்காரரான ஜோ அப்பியாவை மணந்து இங்கிலாந்தைப் பரபரப்பாக்கினார். பிறகு குமாசியில் குடியேறி 2006இல் அங்கேயே மறைந்தார். கல் வாங்கும்போதெல்லாம் அதற்குரிய பழமொழியைக் கேட்டார், பழமொழிக்குரிய கதையைக் கேட்டார். கல்லில் ஆரம்பித்தது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அக்கான் பழமொழிகளின் தொகுப்பில் போய் நின்றது. அவர் மகன் குவாமே அந்தனி அப்பியா இன்று பெயர்பெற்ற தத்துவ அறிஞர். அந்த நூலைத் தாயோடு சேர்ந்து உருவாக்கியவர்.

வார்ப்பு நின்றுவிடவில்லை. குமாசிக்குப் பக்கத்தில் குரோஃபோஃப்ரோம் என்ற ஊரில் இன்றும் மெழுகு உருட்டுகிறார்கள், கரித்தூள் அரைக்கிறார்கள், பழைய பித்தளைச் சாமானை மூசையில் போடுகிறார்கள். சுற்றுலாக்காரர் வாங்கும் சன்கோஃபாவும் முதலையும் அங்கிருந்தும் வருகின்றன. இருவாச்சியும் விரியனும் கேட்டால் கிடைக்கும், அதற்குரிய பழமொழியையும் சொல்லித்தான் கொடுப்பார்கள். பழசா புதுசா என்று கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பார்ப்பது தேய்மானத்தையும், அடிப்பக்கம் ஈயம் ஊற்றிய தடத்தையும், அராவிய விளிம்பையும். புதியவற்றில் அவை இருப்பதில்லை. எந்த எடைக்கும் பொருந்த அவற்றை வார்ப்பதில்லை. விரலளவிலும் உண்டு, கையளவிலும் உண்டு, எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.